வண்டி வராத வீதி

செங்கோட்டைக்கு எதிரே உள்ள 1.3 கிலோமீட்டர் தெருவை மாற்றியமைக்கப் புறப்பட்டது தில்லி. துணி வியாபாரி முதல் அனுமார் வரை எல்லோருக்கும் அதில் ஒரு வழக்கு இருந்தது.

மீரட் நம்பர் போட்ட வெள்ளைக் கார் ஒன்று லால் மந்திர் முனையில் தடுப்புக்கு முன்னால் நிற்கிறது. பகல் பதினொன்றரை மணி. பின் சீட்டில் ஒரு பாட்டி, ஒரு கல்யாணப் பெண், பெண்ணின் அம்மா. "அம்மாஜிக்கு முழங்கால் வலி. கட்ரா நீல் வரைக்கும் விடுங்க, இறக்கிட்டுத் திரும்பிடறேன்" என்று கெஞ்சுகிறார் கார் ஓட்டி வந்த மாமா. காவலுக்கு நிற்கும் இளைஞர், தினம் நூறு தடவை சொல்லிச் சலித்த பதிலைச் சொல்கிறார்: "ராத்திரி ஒன்பது மணிக்கு வாங்க பாயி சாப்." பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. மாமாவின் குரல் உயர்கிறது. இதற்குள் பாட்டி தானே கதவைத் திறந்து இறங்கி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்ற சைக்கிள் ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பேத்தியும் சிரித்துக்கொண்டே ஏறினாள். பாட்டியின் கல்யாணத்துக்கும் இப்படி ரிக்ஷாவில் வந்துதான் ஜவுளி எடுத்திருப்பார்கள். ரிக்ஷா கிளம்பிப் போன பிறகும் மாமா தகராறை விடவில்லை.

சாந்தினி சௌக்கை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தில்லியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் செங்கோட்டையைப் பார்த்த கையோடு எதிர்ச்சாரிக்கு வந்து, பராட்டே வாலி கலியில் நெய்யில் பொரித்த பரோட்டா ஒன்றைத் தின்றுவிட்டு, கினாரி பஜாரில் ஜரிகை வாங்கிக்கொண்டு, பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி ஊர் திரும்புவார்கள். தில்லியிலேயே குடியிருக்கும் கரோல்பாக், ஆர்.கே. புரம் தமிழர்களுக்கு அது ஒரு கடமை. வீட்டில் கல்யாணம் வந்தால் பத்திரிகை அடிக்க சாவ்ரி பஜார், முந்திரி, ஏலக்காய்க்கு காரி பாவ்லி. இரண்டுக்கும் இந்தத் தெருவைத் தொட்டுத்தான் போகவேண்டும்.

கரோல்பாகில் அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் நான் முதன்முதலாக இங்கே வந்தபோது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம் ஆயிற்று. பஸ், ஸ்கூட்டர், குதிரை வண்டி, சைக்கிள் ரிக்ஷா, கைவண்டி, ஒரு காளை. நடக்கிறவர்கள் சாலையில் நடந்தார்கள். நடைபாதையில் கடை போட்டிருந்ததால் வேறு வழியில்லை. தலைக்கு மேல் மின்கம்பிகள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி தொங்கின. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் இடித்ததாகக் கோபித்துக்கொள்ளவில்லை என்பது ரங்கநாதன் தெருவில் பழகியிருந்த எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதை முதலில் போட்டவர் ஒரு பெண். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா. ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றிய ஷாஜஹான் 1648இல் செங்கோட்டையைக் கட்டி முடித்தார். அதன் லாஹோரி வாசலிலிருந்து மேற்கே ஃபதேபுரி மசூதி வரை நேர்கோடாக ஒரு கடைவீதியை ஜஹானாரா 1650 வாக்கில் அமைத்தார். நடுவே ஒரு கால்வாய் ஓடியது. பாதி வழியில் ஒரு சதுக்கம், அதில் ஒரு குளம். நிலா வெளிச்சம் அந்தக் குளத்தில் விழுந்ததால்தான் சாந்தினி சௌக் என்ற பெயர் என்பார்கள். அப்போது அது அந்தச் சதுக்கத்துக்கு மட்டுமே உரிய பெயர். தெருவுக்குப் பகுதிக்கு ஒரு பெயர் இருந்தது. சதுக்கத்தின் பெயர் தெருவையே விழுங்கியது பின்னால் வந்த கதை.

அதற்குப் பிறகு இந்தத் தெருவை மாற்றியமைக்காத அரசே இல்லை. 1857 கலகத்தை அடக்கிய கையோடு ஆங்கிலேயர்கள் கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகளையும் கடைகளையும் தரைமட்டமாக்கினார்கள். பீரங்கி சுடுவதற்குத் தடங்கல் இருக்கக்கூடாதாம். ஜஹானாரா கட்டிய சத்திரமும் இடிக்கப்பட்டு, அங்கே டவுன் ஹால் வந்தது. பல்லிமாரான் சந்துக்குள் குடியிருந்த கவிஞர் காலிப், தன் ஊர் கண்ணெதிரே இடிபடுவதைக் கடிதம் கடிதமாக எழுதிப் புலம்பினார். அன்றைய நிலையில் ஒரு குடிமகன் பதிவு செய்ய முடிந்த ஆட்சேபணை அவ்வளவுதான். குளம் இருந்த இடத்தில் மணிக்கூண்டு எழும்பியது. கால்வாயை மூடினார்கள். 1908இல் டிராம் வண்டி வந்தது, 1963இல் போனது. மணிக்கூண்டு சுதந்திரத்துக்குப் பிறகு சில வருடங்களில் இடிந்து விழுந்தது. இன்றும் பழைய ஆட்கள் அந்த இடத்தை கண்டாகர் என்றுதான் சொல்கிறார்கள். இல்லாத மணிக்கூண்டைச் சொல்லி ரிக்ஷாவைக் கூப்பிட்டால் ரிக்ஷாக்காரர் சரியான இடத்தில் கொண்டுபோய் இறக்குவார்.

ஒரு முறை மட்டும் ஆட்சேபணை வெடிகுண்டாக வந்தது. 1912 டிசம்பர் 23 அன்று, புதிய தலைநகருக்குள் யானை மேல் ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது இதே தெருவில் குண்டு வீசினார்கள். வைஸ்ராய் காயத்தோடு பிழைத்தார். பின்னால் குடை பிடித்து உட்கார்ந்திருந்த வேலையாள் செத்துப்போனார். ஊர்வலத்தில் குடை பிடிப்பவர்களின் கதி எப்போதும் அதுதான்.

நாம் பேச வந்தது இந்த நூற்றாண்டின் மாற்றத்தைப் பற்றி. அதன் கதை ரிக்ஷாவில் தொடங்குகிறது.

2006இல் தில்லி உயர்நீதிமன்றம் சாந்தினி சௌக்கின் பிரதான சாலையிலிருந்து சைக்கிள் ரிக்ஷாக்களை வெளியேற்றச் சொன்னது. நெரிசலுக்கு அவையே காரணம் என்பது வாதம். பதிலுக்கு சின்ன சிஎன்ஜி பஸ்கள் விடப்பட்டன. ரிக்ஷாக்காரர்களுக்காக மானுஷி என்ற அமைப்பு வழக்காடியது. 2010 பிப்ரவரியில் அதே உயர்நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பை அளித்தது: தில்லியில் 99,000 ரிக்ஷாக்களுக்கு மேல் உரிமம் இல்லை என்று மாநகராட்சி போட்ட வரம்பு செல்லாது. உழைத்துப் பிழைக்கிறவனைக் கணக்குக் காட்டித் துரத்த முடியாது. சாலை என்பது கார் வைத்திருப்பவருக்கு எழுதிக் கொடுத்த பட்டா அல்ல. தீர்ப்பின் சாரம் இதுதான்.

இந்த வழக்கின் தொடர்ச்சியாகவே சாந்தினி சௌக் சீரமைப்பு உயர்நீதிமன்றத்தின் கண்காணிப்புக்குள் வந்தது. பழைய தில்லியை மீட்டெடுக்க 2008லேயே ஷாஜஹானாபாத் மறுமேம்பாட்டுக் கழகம் என்ற ஒன்றை அரசு தொடங்கியிருந்தது. வரைபடம் போட்டவர் தில்லி ஹாட்டை வடிவமைத்த பிரதீப் சச்தேவா. திட்டம் கேட்பதற்கு எளிமையானது. லால் மந்திரிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டி கிடையாது. ரிக்ஷாவுக்கும் கைவண்டிக்கும் இரு புறமும் பாதை. நடுவே ஒரு திட்டு. ஓரங்களில் அகலமான நடைபாதை. தொங்கும் கம்பிகள் எல்லாம் பூமிக்கடியில். பதினைந்து வருடத்தில் சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. மோட்டாருக்காக ரிக்ஷாவை வெளியேற்றிய தெருவில் இப்போது ரிக்ஷாவுக்காக மோட்டாரை வெளியேற்றப் போகிறார்கள்.

2018 டிசம்பரில் தோண்ட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரு புகார்.

கட்ரா நீலில் மூன்று தலைமுறையாகத் துணி விற்கும் ஒரு லாலாஜியின் கடையில் போய் உட்கார்ந்தேன். வெள்ளை விரிப்பு, திண்டு, சுவரில் மாலை போட்ட அப்பாவும் தாத்தாவும். "வாங்க பாபுஜி. மதராஸா?" விந்தியத்துக்குத் தெற்கே எல்லாமே அவருக்கு இன்னும் மதராஸ்தான். திட்டத்தைப் பற்றி எடுத்ததும் டீக்குச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்களை யாரும் கேக்கலைன்னு நான் சொல்லமாட்டேன். கூப்பிட்டாங்க. டீ குடுத்தாங்க. படம் காட்டினாங்க. படத்துல மரம் இருந்தது, பெஞ்சு இருந்தது, பலூன் பிடிச்சுக்கிட்டு ஒரு குழந்தை போச்சு. துணி மூட்டை தூக்குற ஆள் மட்டும் இல்லை. நாங்க என்ன இங்கே பலூனா விக்கிறோம்?"

வியாபாரிகளின் எதிர்ப்பின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சாந்தினி சௌக் சில்லறைக் கடைத்தெரு மட்டுமல்ல. வட இந்தியாவின் மொத்த வியாபாரக் கிடங்கு. கட்ரா நீலில் துணி, பாகீரத் பேலஸில் மின்சாமான், தரீபாவில் வெள்ளி, ஃபதேபுரியைத் தாண்டினால் காரி பாவ்லியில் நம் ஈரோட்டு மஞ்சள் முதல் காஷ்மீர் குங்குமப்பூ வரை. சரக்கு உள்ளே வரவேண்டும், கட்டுக் கட்டி வெளியே போகவேண்டும். பன்னிரண்டு மணிநேரம் வண்டி கிடையாது என்றால் அது எப்படி நடக்கும் என்பது நியாயமான கேள்வி. ராத்திரியில் இறக்கிக்கொள்ளுங்கள் என்பது அதிகாரிகளின் பதில். ராத்திரி வரை கடையைத் திறந்து வைத்து, ஆளுக்கு இரட்டைக் கூலி கொடுத்து, சந்து முனையில் சரக்குக்குக் காவல் போடுவது யார் என்பது வியாபாரிகளின் எதிர்க்கேள்வி.

அவர்களின் இன்னொரு பயம் வாடிக்கையாளரைப் பற்றியது. "கல்யாணக் கூட்டம் கார்ல வர்ற கூட்டம். நொய்டா மால்ல ஏசி இருக்கு, பார்க்கிங் இருக்கு. இங்கே வெயில்ல நடந்து வந்து லெஹங்கா எடுக்கணும்னு அவங்களுக்கு என்ன வேண்டுதலா?"

"வியாபாரம் படுத்துவிட்டதா லாலாஜி?" என்று கேட்டேன். அவர் கையை மேலே தூக்கி ஈஸ்வரனைக் காட்டினார். அப்போது எனக்குப் பக்கத்தில் மூன்று பெண்கள் ஒரே ரோஜா நிறத்தின் நான்கு சாயல்களை விரித்துப்போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று ஒப்புக்கொண்ட வியாபாரியை நான் தில்லியிலும் பார்த்ததில்லை, சௌகார்பேட்டையிலும் பார்த்ததில்லை.

கார் விஷயத்தில் வியாபாரிகள் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்பதே என் அபிப்பிராயம். 2005இல் சாந்தினி சௌக்கிலும் 2017இல் செங்கோட்டையிலும் மெட்ரோ நிலையங்கள் திறந்த பிறகு கூட்டம் பூமிக்கடியிலிருந்துதான் வருகிறது. நிலைய வாசலில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். ஆனால் அவர்களின் கோபத்துக்கு அரசும் காரணம். காந்தி மைதானத்தில் வருவதாகச் சொன்ன பலமாடி கார் நிறுத்தம், தெரு திறந்தபோது தயாராக இல்லை. அது வேலைக்கு வந்ததே வெகுநாள் கழித்துத்தான். வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பிறகு செய்து தருகிறோம் என்றால் வீட்டுக்காரன் கத்தத்தானே செய்வான்? சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் வந்தபோதும் கடைக்காரர்களின் முதல் கேள்வி வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான்.

நடுத்திட்டு விவகாரம் தனி. நல்ல கல் பதித்து, மரம் வைத்து, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் மசூதி தெரியும்படி விடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அங்கே டிரான்ஸ்பார்மர்கள் காத்திருந்தன. கம்பியைப் பூமிக்குள் அனுப்பினால் டிரான்ஸ்பார்மரை எங்காவது வைத்துத்தானே ஆகவேண்டும்? பாரம்பரியக் கட்டட ஆர்வலர்களும் கடைக்காரர்களும் ஒரே குரலில் பேசிய அபூர்வமான தருணம் அது. பலன் இல்லை. செந்நிறத் தகடு போர்த்திய பெட்டிகள் இன்று நடுத்திட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஜஹானாராவின் கால்வாய் ஓடிய இடத்தில் இப்போது மின்சாரம் ஓடுகிறது.

அப்புறம் கடவுள்.

இந்த ஒன்றேகால் கிலோமீட்டரில் இருக்கும் வழிபாட்டு இடங்களை எண்ணிக்கொண்டே நடக்கலாம். திகம்பர சமணர்களின் லால் மந்திர், அதன் வளாகத்திலேயே பறவைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி. கௌரி சங்கர் கோயில். பாப்டிஸ்ட் தேவாலயம். குரு தேக் பகதூர் 1675இல் தலை துண்டிக்கப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா. அதற்குப் பக்கத்தில் சுனஹரி மசூதி. 1739இல் இதன் மேல் உட்கார்ந்துதான் நாதிர்ஷா தில்லியைக் கொன்று குவிக்க உத்தரவிட்டான். கடைசியில் ஃபதேபுரி மசூதி. இவை எல்லாம் தெருவின் ஓரத்தில் இருப்பவை. தகராறு ஓரத்தில் இல்லாதவற்றால் வந்தது.

2016 ஏப்ரலில் குருத்வாரா வாசலில் இருந்த தண்ணீர்ப் பந்தலை, ஆக்கிரமிப்பு என்று மாநகராட்சி இடித்தது. சீக்கியர்கள் திரண்டார்கள். இடித்த சூடு ஆறுவதற்குள் பந்தல் மறுபடி எழும்பிவிட்டது. அதைவிடப் பெரிய சர்ச்சை அனுமாருடையது. புதிய வரைபடத்தின்படி பாதை போகவேண்டிய இடத்தில், தெருவின் நடுவே, ஒரு சிறிய அனுமார் கோயில் இருந்தது. அகற்ற வேண்டும் என்றது உயர்நீதிமன்றம். 2021 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் போலீஸ் காவலுடன் வந்து அகற்றினார்கள். விடிந்ததும் கட்சிகள் வந்தன. இடித்தது உங்கள் மாநகராட்சி என்றது ஒரு கட்சி. இடிக்க வைத்தது உங்கள் அரசு என்றது இன்னொரு கட்சி. அடுத்த மாதம் ஒரு நாள் காலையில் கடை திறக்க வந்தவர்கள், பழைய இடத்துக்கு அருகே எஃகினால் செய்த ஒரு கோயில் முளைத்திருப்பதைக் கண்டார்கள். இரவோடு இரவாக வைத்திருந்தார்கள். மோட்டார் வண்டி வரக்கூடாது என்றுதானே விதி, சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்தவருக்கு அது எப்படிப் பொருந்தும் என்று அந்தப் பக்கத்து டீக்கடையில் ஒருவர் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

கொரோனா இரண்டாவது அலையால் திறப்பு விழா தள்ளிப்போய், 2021 செப்டம்பர் 12 அன்று அப்போதைய முதல்வர் அர்விந்த் கேஜ்ரிவால் தெருவைத் திறந்து வைத்தார். வரைபடம் போட்ட சச்தேவா அதைப் பார்க்க இல்லை. 2020லேயே காலமாகிவிட்டார்.

முதல் சில வாரங்கள் கூட்டம் தெருவைப் பார்க்கவே வந்தது. இரவில் குடும்பம் குடும்பமாக வந்து கிரானைட் பெஞ்சில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாந்தினி சௌக்கில் சும்மா உட்கார ஒரு இடம் என்பதே புதுமை. நானும் ஒரு மாலை மெட்ரோ வாசல் பக்கம் வாங்கிய தஹி பல்லாவுடன் (நம் தயிர்வடைக்கு இனிப்பான அக்கா) அங்கே உட்கார்ந்திருக்கிறேன். தலையை நிமிர்த்தி மாடிகளைப் பார்க்க முடிந்தது. இத்தனை வருடம் வந்தும், கடைப்பலகைகளுக்கு மேலே செதுக்கிய வளைவுகளும் மரப் பலகணிகளும் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். முன்பு தலையை நிமிர்த்தினால் யாராவது மேலே வந்து மோதுவார்கள். எதிர்த்தவர்கள் சொன்னதில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் இந்த ஒரு லாபத்தை மறைக்க முடியாது.

பிறகு வேடிக்கை திசை மாறியது. அகலமான நடைபாதை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. வழக்கம்போல நடைபாதை வியாபாரிகள் வந்தார்கள். கைக்குட்டை, பெல்ட், மொபைல் உறை, வெட்டிய பப்பாளி. தெரு மாற்றத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்கு அலைந்த அதே கடைக்காரர்கள், இப்போது தெருவின் அழகைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போனார்கள். இது வியாபாரத் தடைப் பகுதி, இவர்களை அகற்றுங்கள் என்பது கோரிக்கை. உயர்நீதிமன்றமும் அகற்றச் சொன்னது. நடைபாதைக்காரர்கள் 2014ஆம் வருடச் சட்டத்தைக் காட்டினார்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை தெரு வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். எங்கள் அப்பா காலத்திலிருந்து இங்கேதான் நிற்கிறோம் என்கிறார் துண்டு விரித்து சாக்ஸ் விற்கும் ஒருவர். அவருக்கு லாலாஜி மாதிரி சுவரில் மாட்டக் கடைதான் இல்லை. அவர் அப்பாவும் இதே தெருவில்தான் இருந்திருக்கிறார்.

போலீஸ் ஜீப் வரும் சத்தம் கேட்டால் துண்டின் நான்கு மூலையும் ஒரே இழுப்பில் மூட்டையாகிறது. ஜீப் போன மூன்றாவது நிமிடம் மறுபடி கடை. மோட்டார் வரக்கூடாத தெருவில் ஜீப் வருவதே ஓர் அறிவிப்புதான்.

இத்தனை பேரும் வழக்காடினார்கள், மனுக் கொடுத்தார்கள், பேட்டி கொடுத்தார்கள். எந்த மனுவிலும் கையெழுத்துப் போடாதவர்கள், லாலாஜியின் படத்தில் விடுபட்டுப்போன அந்த ஆட்கள்தான். பல்லேதார் என்று சொல்வார்கள். பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து மூட்டை தூக்குகிறவர்கள், கைவண்டி இழுக்கிறவர்கள். காரி பாவ்லிப் பக்கம் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே நின்றபோது, முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு வண்டிமேல் சாய்ந்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"புதுத் தெரு வந்ததில் உங்களுக்கு எப்படி பையா?"

"வழவழன்னு இருக்கு பாபுஜி. வண்டி நல்லா உருளுது." கொஞ்ச நேரம் யோசித்தார். "முன்னே டெம்போ கட்ரா வாசலுக்கு வரும். பத்து அடி தூக்கினா போதும். இப்போ அந்தக் கோடியிலயே நிறுத்திடறாங்க. அங்கேருந்து இழுக்கணும்."

"தூரம் கூடினதற்குக் கூலி கூடியிருக்குமே?"

அவர் சிரித்தார். "அதை லாலாஜியைத்தான் கேக்கணும்."

வேலை கூடியிருக்கிறது என்பதையும் அவர் மறுக்கவில்லை. முன்பு டெம்போ செய்த வேலையில் ஒரு பங்கு கைவண்டிக்கு வந்திருக்கிறது. அது லாபமா நஷ்டமா என்பது முதுகைப் பொறுத்தது. இருபத்தைந்து வயது முதுகுக்கு ஒரு பதில், ஐம்பது வயது முதுகுக்கு இன்னொரு பதில். இந்தக் கணக்கை வரைபட மேஜையில் யாரும் போடவில்லை, வியாபாரிகளின் மனுக்களிலும் யாரும் போடவில்லை.

எதிர்த்தவர்களின் ஒரு ஜோசியம் மட்டும் பலித்துவிட்டது. "கல்லைப் பதிப்பீங்க, பராமரிக்க மாட்டீங்க" என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். வண்டிகளைத் தடுக்க நட்ட குட்டைத் தூண்களில் பல உடைந்து கிடக்கின்றன. சில காணாமலே போயின. கிரானைட் பலகைகள் சில இடங்களில் ஆடுகின்றன. மழை நாளில் மிதித்தால் கீழிருந்து தண்ணீர் பீச்சியடிக்கிறது. ஒன்பது மணி விதி இருக்கிறது என்று தெரிந்தும் ஸ்கூட்டர்கள் சந்து வழியாக நுழைகின்றன. தடுப்பில் ஆள் மாறும் நேரம் அவற்றுக்கு மனப்பாடம். தெருவைக் கட்டியது பொதுப்பணித் துறை, குப்பை மாநகராட்சி, போக்குவரத்து போலீஸ், கம்பி மின்கம்பெனி. ஒரு தூண் உடைந்தால் அது யாருடைய தூண் என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த தூண் உடைகிறது.

இன்னொன்றும் உண்டு. சீரமைப்பு பெருந்தெருவோடு நின்றுவிட்டது. கம்பிகள் பூமிக்குள் போனது இந்த 1.3 கிலோமீட்டரில்தான். ஒரு சந்துக்குள் திரும்பினால் பழைய சிக்கு அப்படியே தலைக்கு மேல் தொங்குகிறது. பாகீரத் பேலஸ் ஒரு காலத்தில் பேகம் சம்ரூவின் மாளிகை. இன்று தில்லியின் மின்சாமான் சந்தை. 2022 நவம்பர் 24 இரவு அங்கே பிடித்த தீ பல நாள் எரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் போயின. தீயணைப்பு வண்டிகள் பெருந்தெருவுக்கு வந்துவிட்டன. சந்துக்குள் போக முடியவில்லை. எங்களுக்குப் பெஞ்சு வேண்டாம், கம்பியைப் பாருங்கள் என்று சந்துக்காரர்கள் எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்தது அன்று எல்லோர் காதிலும் விழுந்தது. அந்தப் பக்கம் போனபோது, கரி படிந்த சுவருக்கு நேர் கீழேயே சீரியல் விளக்குகள் ஜொலிக்க ஒரு கடை நடந்துகொண்டிருந்தது. தீபாவளி சீசனாம்.

இரவு எட்டரைக்கு டவுன் ஹால் எதிரே வந்து உட்கார்ந்தேன். மாநகராட்சி சிவிக் சென்டருக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்தப் பழைய கட்டடம் இருட்டில் நிற்கிறது. விக்டோரியா ராணி நின்ற பீடத்தில் இப்போது சுவாமி சிரத்தானந்தர். 1919இல் இதே தெருவில் சிப்பாய்களின் துப்பாக்கி முனைக்கு மார்பைக் காட்டி நின்றவர். அவர் காலடியில் ஒரு குடும்பம் குல்ஃபி தின்கிறது. கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. நடைபாதைக்காரர்கள் கடைசி அரைமணி விலையைக் கூவுகிறார்கள். "நூறுக்கு நாலு, நூறுக்கு நாலு" என்று காலையில் கேட்ட குரல் இப்போது "நூறுக்கு ஆறு" ஆகிவிட்டது.

ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே லால் மந்திர் பக்கம் இன்ஜின்கள் உறுமத் தொடங்கின. கைவண்டிக்காரர்கள் பெஞ்சுகளில் படுத்திருந்தவர்கள் எழுந்து துண்டை உதறிக் கட்டிக்கொண்டார்கள். தடுப்பு விலகியது. ஒன்றன்பின் ஒன்றாக டெம்போக்கள் ஹாரனை அலறவிட்டபடி உள்ளே வந்தன. முதல் வண்டி குல்ஃபி குடும்பத்தை நடைபாதைக்கு விரட்டியது. இரண்டாவது வண்டி கட்ரா நீல் வாசலில் நின்றது. லாலாஜி பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்து, கையில் சீட்டை வைத்துக்கொண்டு மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.